பில்லி மெக்நீல் (செல்டிக்): ஹெட்டரும் மறதி நோயும், பேசலாம் வாங்க

கோட்டைச்சுவர்:

ஸ்காட்லாந்து டிஃபெண்டர்கள்ல ஆண்டி ராபர்ட்சனுக்கு இங்கே இழை மேல இழை ஓடுது. ஆலன் ஹான்சனுக்கும் இருக்கு. பில்லி மெக்நீலுக்கு ஒண்ணுகூட இல்லை. அதான் நானே தொடங்கிட்டேன்.

தெரியாதவங்களுக்கு: ஸ்காட்லாந்து ஃபுட்பால் வீரர், பின்வரிசைக்காரர். 1940 மார்ச் 2-ல் கிளாஸ்கோ பக்கத்துல பெல்ஸ்ஹில்லில் பிறந்தவர். நிலக்கரியும் இரும்பும் சோறு போட்ட ஊர். மான்செஸ்டர் யுனைடெட்டின் மாட் பஸ்பிக்கும் அதுதான் சொந்த ஊர். மெக்நீலோட அப்பா பட்டாளத்துக்காரர், அம்மா வழி லிதுவேனியாவுல இருந்து வந்த குடும்பம். 1957-ல் கிளாஸ்கோவோட செல்டிக் கிளப்ல சேர்ந்தார். 1975-ல் ஆட்டத்தை விடுற வரைக்கும் வேற கிளப் சட்டை போட்டதே இல்லை. கிட்டத்தட்ட 800 ஆட்டம். 9 லீக் பட்டம், 7 ஸ்காட்டிஷ் கோப்பை, 6 லீக் கோப்பை, ஒரு ஐரோப்பியக் கோப்பை (இன்னிக்கு அதுதான் சாம்பியன்ஸ் லீக்). ஸ்காட்லாந்துக்காக 29 ஆட்டம்.

ஆறடிக்கு ஒரு அங்குலம் மேலே. நெஞ்சு நிமிர்த்தி நடக்கிற ஆள். கூட ஆடினவங்க வெச்ச பட்டப்பேர் சீசர். ரோமாபுரிச் சக்கரவர்த்தி இல்லைங்க, ஹாலிவுட் நடிகர் சீசர் ரொமேரோ.

2019 ஏப்ரல் 22-ல் இறந்தார், வயசு 79. கடைசி வருஷங்கள்ல மறதி நோய். 2017 பிப்ரவரியில குடும்பமே அதை வெளியே சொன்னாங்க. அப்ப ஏற்கெனவே பேச்சு ரொம்பக் குறைஞ்சிருந்தது.

நான் பேச நினைக்கிறது இதைத்தான். இந்த மனுஷனோட பெரிய கோல் எல்லாமே தலையால போட்டது. அந்தத் தலைக்கு என்ன ஆச்சு?

ஆஃப்சைடு_ஆறுமுகம்:

தல, வயசானா மறதி வரும். எங்க தாத்தா வாழ்க்கையில பந்தையே தொட்டதில்லை, கடைசியில எங்க அப்பாவையே யாருன்னு கேட்டார். எல்லாத்துக்கும் ஹெட்டர் மேல பழி போட்டா எப்படி?

முதல்ல ஆட்டத்தைப் பத்தி எழுதுங்க. ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கின முதல் பிரிட்டிஷ் கேப்டன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்.

கோட்டைச்சுவர்:

எழுதுறேன் ஆறுமுகம். தாத்தா விஷயத்துக்கு அப்புறம் வர்றேன்.

சர்வதேச ஆட்டத்துல அவருக்கு முதல் நாளே அவமானம். 1961 ஏப்ரல் 15, வெம்ப்ளி. இங்கிலாந்து 9, ஸ்காட்லாந்து 3. இருபத்தோரு வயசுப் பையன் நடுவுல நிக்கிறான், இரு பக்கமும் கோல் பறக்குது. கோல்கீப்பர் ஃபிராங்க் ஹாஃபி, அவரும் செல்டிக்காரர். ஹாஃபிக்கு அதுக்கப்புறம் நாட்டுக்காக ஆடற வாய்ப்பே கிடைக்கலை, பின்னாடி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்துட்டார். மெக்நீல் தாக்குப்பிடிச்சார்.

கிளப்லயும் நல்ல காலம் இல்லை. 1957 லீக் கோப்பை இறுதியில அதே ஊர் பரம எதிரி ரேஞ்சர்ஸை 7-1 அடிச்சதுக்கு அப்புறம் செல்டிக் ஏழு வருஷத்துக்கு மேல பெரிய கோப்பை ஒண்ணையும் தொடலை. மேனேஜர் ஜிம்மி மெக்ரோரி ரொம்ப நல்ல மனுஷன், ஆனா யார் ஆடணும்னு முடிவு பண்றது சேர்மன் ராபர்ட் கெல்லி. மெக்நீல் வெளியே போயிடலாமான்னு யோசிச்ச காலம் அது.

1965 மார்ச்ல ஜாக் ஸ்டெய்ன் மேனேஜரா வந்தார். மெக்நீலுக்குப் பழைய வாத்தியார், ரிசர்வ் அணியில பயிற்சி கொடுத்தவர். அடுத்த மாசம், ஏப்ரல் 24, ஹாம்ப்டன் மைதானத்துல ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி. எதிரணி டன்ஃபர்ம்லின். ரெண்டு தடவை பின்தங்கி ரெண்டு தடவையும் சமன் பண்ணினாங்க. ஆட்டம் முடிய பத்து நிமிஷம்கூட இல்லாத நேரத்துல சார்லி கல்லஹர் கார்னர் எடுக்கிறார். மெக்நீல் ஓடி வந்து எழும்பினார். 3-2. அந்த ஒரு ஹெட்டர் போகலைன்னா அடுத்த பத்து வருஷம் எப்படிப் போயிருக்கும்னு செல்டிக் ரசிகர்கள் இன்னும் வாதாடுவாங்க.

மஞ்சள்_அட்டை:

கல்லஹர்! 1967-ல் யூகோஸ்லாவியா கிளப் வொய்வோதினாவோட ஆட்டத்துலயும் கார்னர் அவர்தானே?

கோட்டைச்சுவர்:

அவரேதான். ஐரோப்பியக் கோப்பை காலிறுதி. நோவி சாட்ல முதல் ஆட்டம் 0-1 தோல்வி. கிளாஸ்கோவுல சால்மர்ஸ் ஒண்ணு போட்டுச் சமன். கடைசி நிமிஷம். இன்னொரு கோல் விழலைன்னா மூணாவது ஆட்டம் ராட்டர்டாம்லன்னு இருந்தது. அதே கல்லஹர், அதே மாதிரி கார்னர், அதே தலை. அந்த வருஷம் லிஸ்பன்ல நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில கல்லஹருக்கு பதினொருவர்ல இடம் கிடைக்கலைங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும். அந்தக் கார்னர் இல்லாம லிஸ்பனே இல்லை.

1969 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி, ரேஞ்சர்ஸோட. ரெண்டாவது நிமிஷத்துலயே லெனாக்ஸ் கார்னர், மெக்நீல் ஹெட்டர். 4-0. ரேஞ்சர்ஸ் பின்வரிசை அவரை விட்டுட்டு யாரைக் காவல் காத்துச்சுன்னு இன்னிக்கும் புரியலை.

கிளைடுக்கரை:

வணக்கம் அண்ணை. நான் கிளாஸ்கோவில இருக்கிறன். செல்டிக் மைதானத்துக்குப் போற வழியின்ர முகப்பில அவற்ற சிலை நிக்குது, ரெண்டு கையாலயும் கப்பைத் தலைக்கு மேல தூக்கினபடி. 2015 டிசம்பர்ல திறந்தவை. அவர் உயிரோட இருக்கேக்கையே. செத்த அண்டைக்குச் சனம் கொண்டுவந்து போட்ட ஸ்கார்ஃபுகளில சிலையின்ர அடி தெரியேல்லை.

அவர் கப்பைத் தூக்கிற அந்தப் படத்தைப் பற்றி ஒரு விசயம். லிஸ்பனில விசில் ஊதினவுடன சனம் மைதானத்துக்குள்ள பாய்ஞ்சிட்டுது. கோப்பை குடுக்கிற மேடை மற்றப் பக்கம். முழு அணியையும் கொண்டுபோக வழியில்லை. உதவிப் பயிற்சியாளர் ஷோன் ஃபாலனோட மெக்நீல்தான் சனத்துக்குள்ளால போய் வாங்கினவர். அதாலதான் அந்தப் படத்தில மற்ற வீரர்மார் ஒருத்தரும் இல்லை. சனம் அதை ஒரு கம்பீரமான தனிப்படமாப் பாக்குது. உண்மையில நெரிசலால வந்த படம்.

ஆஃப்சைடு_ஆறுமுகம்:

இது தெரியாது எனக்கு. சூப்பர். இறுதி ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லுங்கப்பா.

மஞ்சள்_அட்டை:

நான் சொல்றேன். 1967 மே 25, எஸ்தாதியோ நசியோனல். எதிரே ஹெலனியோ ஹெர்ரேராவோட இன்டர் மிலன். 1964, 1965 ரெண்டு வருஷமும் இந்தக் கோப்பையை ஜெயிச்ச அணி. ஒரு கோல் போட்டா கதவைச் சாத்திட்டு உட்கார்ந்துடுவாங்க. ஏழாவது நிமிஷம் பெனால்டி, மஸ்ஸோலா போட்டார். சாத்திட்டாங்க.

அதுக்கப்புறம் செல்டிக் அடிச்சுக்கிட்டே இருந்தது. ரெண்டு தடவை பார்ல பட்டது. இன்டர் கோல்கீப்பர் சார்தி மட்டும் இல்லைன்னா பாதி நேரத்துக்குள்ள நாலு விழுந்திருக்கும். 63-ல் ஜெம்மல் வெளியே இருந்து ஒரு குண்டு. 84-ல் மர்டக் அடிச்ச பந்தை சால்மர்ஸ் திருப்பி விட்டார். 2-1. இதுல எனக்குப் பிடிச்சது, ஜெம்மல் ஒரு லெஃப்ட் பேக். பின்வரிசைக்காரன் முன்னாடி ஓடி வந்து போட்ட கோல்தான் இத்தாலியக் கோட்டையை உடைச்சது.

மைதானத்துல இருந்த பதினொரு பேரும் செல்டிக் பார்க்ல இருந்து முப்பது மைல் சுற்றளவுக்குள்ள பிறந்தவங்க. இன்னிக்கு ஒரு சாம்பியன்ஸ் லீக் அணியை அப்படி யோசிச்சுப் பாருங்க.

எண்கணக்கு:

ஆட்டக் கதை நல்லா இருக்கு. ஆனா கோட்டைச்சுவர் கேட்ட கேள்வியை எல்லாரும் மறந்துட்டீங்க. ஆறுமுகம் சொன்ன தாத்தா வாதத்துக்குப் பதில் சொல்லணும், ஏன்னா முதல்ல எல்லாருக்கும் வர்ற சந்தேகம் அதுதான்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துல டாக்டர் வில்லி ஸ்டுவர்ட் குழு 2019-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. ஸ்காட்லாந்துல தொழில்முறையா ஆடின 7,676 முன்னாள் வீரர்கள். ஒவ்வொருத்தருக்கும் அதே வயசு, அதே மாதிரி வசதியுள்ள பகுதியில இருந்து மூணு சாதாரண ஆட்களை எடுத்தாங்க, 23,000-க்கு மேல. ரெண்டு கூட்டத்தோட மரணப் பதிவையும் ஒப்பிட்டாங்க.

மூளை சிதையும் நோயால செத்தது: வீரர்கள்ல 1.7 சதவீதம், மத்தவங்கள்ல 0.5 சதவீதம். வயசைக் கணக்குல எடுத்துப் பார்த்தா மூணரை மடங்கு. அல்ஸைமர் தனியா பார்த்தா ஐந்து மடங்கு.

ஆக, தாத்தாவுக்கும் வரும், சரிதான். ஆனா நூறு தாத்தாக்களையும் அதே வயசுல நூறு முன்னாள் ஃபுட்பால் வீரர்களையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா வித்தியாசம் தெரியுது.

ஆஃப்சைடு_ஆறுமுகம்:

வீரர்கள் உடம்பை நல்லா வெச்சிருப்பாங்க, ரொம்ப நாள் வாழ்வாங்க, அதனால வயசானவங்க நோய் ஜாஸ்தி வரும். இப்படியும் இருக்கலாமே?

எண்கணக்கு:

நல்ல கேள்வி. அவங்களும் கேட்டிருக்காங்க. வீரர்களுக்கு இதய நோயும் நுரையீரல் புற்றுநோயும் உண்மையிலேயே குறைவு. எழுபது வயசு வரைக்கும் மத்தவங்களைவிட அவங்க மரணம் குறைவு. ஆனா ஒப்பீடு அதே வயசுக்காரங்களோட நடக்கிறதால நீண்ட ஆயுள் மட்டும் இந்த மூணரை மடங்கை விளக்காது.

இதைவிட முக்கியமானது 2021-ல் வந்த அடுத்த கட்டம். அதுல எந்த இடத்துல ஆடினாங்கன்னு பிரிச்சாங்க. கோல்கீப்பர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட மத்த ஜனங்களுக்கு இருக்கிற அளவுதான். டிஃபெண்டர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு, எல்லாரையும்விட அதிகம். ஒரே டிரஸ்ஸிங் ரூம், ஒரே சாப்பாடு, ஒரே பயணம். அதிகம் முட்டுறது பின்வரிசைக்காரன், அநேகமா முட்டாதது கோல்கீப்பர். பதினைஞ்சு வருஷத்துக்கு மேல ஆடினவங்களுக்கும் ஆபத்து கூடுது.

மெக்நீல் சென்டர் ஹாஃப், பின்வரிசையோட நடுவுல நிக்கிற ஆள். பதினெட்டு வருஷம்.

ஆஃப்சைடு_ஆறுமுகம்:

கோல்கீப்பர் விஷயம் உறைக்குது.

கோட்டைச்சுவர்:

எனக்கும் அந்த இடத்துலதான் சந்தேகம் விட்டுப் போச்சு. ஆனா ஒண்ணு. மெக்நீலுக்கு வந்தது ஹெட்டராலதான்னு இந்த ஆய்வை வெச்சு யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கூட்டத்தைப் பத்திச் சொல்லலாம், ஒரு ஆளைப் பத்தி அப்படிச் சொல்ல முடியாது.

அதே லிஸ்பன் அணியில ஜிம்மி ஜான்ஸ்டனைப் பாருங்க. ஐந்தடி சொச்சம் உயரம், விங்கர், டிரிபிளிங் மன்னன். அவர் 2006-ல் மோட்டார் நியூரான் நோயால (நரம்பு செத்து தசை செயலிழக்கிற நோய்) இறந்தார். பந்தைத் தலையால முட்டிப் பேர் வாங்கினவர் இல்லை அவர். வீரர்கள்கிட்ட அந்த நோயும் அதிகம்னு ஆய்வு சொல்லுது, ஆனா ஜான்ஸ்டனுக்கு ஏன் வந்ததுன்னு யாரால சொல்ல முடியும்?

மஞ்சள்_அட்டை:

பழைய தோல் பந்துதான் வில்லன்னு எங்க ஊர் பெருசுங்க சொல்வாங்க. மழையில ஊறினா பாறை மாதிரி ஆயிடுமாம், பந்துல தையல் போட்ட இடம் நெத்தியில பட்டா ரத்தம் வருமாம். இப்ப பந்து பிளாஸ்டிக் பூச்சு, தண்ணி குடிக்காது. அப்ப இந்தப் பிரச்சினை அந்தத் தலைமுறையோட முடிஞ்சுதானே?

எண்கணக்கு:

இதைத்தான் எல்லாரும் நம்ப விரும்புறாங்க. காய்ஞ்ச நிலையில பந்தோட எடை அன்னிக்கும் இன்னிக்கும் ஒண்ணுதான், 410-ல இருந்து 450 கிராம். தோல் பந்து ஊறினா கனம் ஏறும், நிஜம். ஆனா கனமான பந்து மெதுவா வரும், ஊறாத பந்து வேகமா வரும். அடியோட பலம் ரெண்டையும் பொறுத்தது. அந்த 2021 கணக்குல 1910-கள்ல பிறந்தவங்கள்ல இருந்து 1960-கள்ல பிறந்தவங்க வரைக்கும் பிரிச்சுப் பார்த்தாங்க. பின்னாடி பிறந்தவங்களுக்கு ஆபத்து குறைஞ்சதா தெரியலை. அவங்கள்ல கடைசியாப் பிறந்தவங்க ஆடி முடிச்சது புதுப் பந்துலதான்.

கிளைடுக்கரை:

கோர்டன் மெக்குவீனையும் சொல்ல வேணும். அவரும் ஸ்கொட்லாந்து சென்டர் ஹாஃப்தான், கில்பர்னி ஆள். லீட்ஸ், பிறகு மான்செஸ்டர் யுனைடெட். 1977-ல வெம்ப்ளியில இங்கிலாந்தை 2-1 எண்டு வெண்ட ஆட்டத்தில அவர் அடிச்ச ஹெட்டரை இஞ்ச வயசானவை இப்பவும் கதைப்பினம். பெடியள் கோல் கம்பத்தையே முறிச்ச ஆட்டம் அது. அவருக்கும் மறதி நோய். 2023 ஜூனில, எழுபது வயசில செத்தவர். குடும்பம் ஒளிக்காமல் கதைச்சது, மகள் தொலைக்காட்சியில விளையாட்டு அறிவிப்பாளர்.

இஞ்சை ஒவ்வொரு அணிக்கும் இப்பிடி ஒரு பெயர் இருக்குது அண்ணை. அதுதான் பயம்.

சின்னப்பந்து:

நான் பத்து, பதினோரு வயசுப் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இந்த இழையைப் படிச்சுட்டு நேத்து ராத்திரி சரியாத் தூக்கம் வரலை. எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், பந்தைத் தூக்கிப் போட்டு இருபது முப்பது தடவை முட்டச் சொல்வார். நெத்தியில வாங்கு, உச்சந்தலையில வாங்காதே, கண்ணை மூடாதேன்னு. நானும் அப்படியேதான் சொல்லிக்கொடுத்துட்டு வர்றேன். ஸ்காட்லாந்துல இப்ப என்ன விதி வெச்சிருக்காங்க? யாராவது சொல்லுங்க.

எண்கணக்கு:

அக்கா, நீங்க கேட்டதுதான் இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி. ஆய்வு வந்த சில மாசத்துல, 2020 பிப்ரவரியில, ஸ்காட்டிஷ் ஃபுட்பால் சங்கம் பன்னிரண்டு வயசுக்குக் கீழே பயிற்சியில ஹெட்டரே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு மேல வயசு ஏற ஏற மெதுவா அனுமதி. 2022 நவம்பர்ல பெரியவங்களுக்கும் வந்தது: தொழில்முறை கிளப்கள் ஆட்டத்துக்கு முந்தின நாளும் அடுத்த நாளும் ஹெட்டர் பயிற்சி வைக்கக்கூடாது, வாரத்துல ஒரு நாள்தான் வைக்கலாம்.

ரெண்டுமே பயிற்சியைத்தான் கட்டுப்படுத்துது, ஆட்டத்தை இல்லை. ஆட்டத்துல ஒரு பத்து வயசுப் பையன் எத்தனை தடவை முட்டுவான்? ஒண்ணோ ரெண்டோ. வாத்தியார் தூக்கிப் போடுற முப்பதுதான் கணக்கை ஏத்துது.

கோட்டைச்சுவர்:

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எண்கணக்கு முந்திக்கிட்டார். மெக்நீலோட மூணு ஹெட்டரை நாம கொண்டாடுறோம். ஆனா அந்த மூணைப் போட முடிஞ்ச கழுத்தும் நேரக்கணிப்பும் பயிற்சியில வந்தது. படத்துல இல்லாத, யாரும் எண்ணாத முட்டல்கள் அவை. கார்னர் வரும்போது எழும்புற ஒவ்வொரு சென்டர் ஹாஃபுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கு, எந்தக் கிளப்பும் எழுதி வைக்கலை. ஜெஃப் ஆஸ்ல்னு வெஸ்ட் பிரோம்விச் ஆல்பியனுக்கு ஆடின இங்கிலாந்து வீரர், 2002-ல் 59 வயசுல இறந்தார். மரண விசாரணை அதிகாரி அவரோட மூளை பாதிப்பைத் தொழிலால வந்த நோய்னே பதிவு பண்ணினார். அதுக்கு அப்புறம் பதினேழு வருஷம் கழிச்சுத்தான் ஒழுங்கான ஒரு ஆய்வு வெளிவந்தது, அதுவும் ஆஸ்ல் குடும்பம் விடாம நச்சரிச்சதால. என் கோபம் ஹெட்டர் மேல இல்லை, அந்தப் பதினேழு வருஷத்து மேல.

ஆஃப்சைடு_ஆறுமுகம்:

நான் கட்சி மாறலை தல, ஆனா பாதி தூரம் வந்துட்டேன். ஹெட்டரை மொத்தமா எடுத்துட்டா அது ஃபுட்பால் இல்லை. கார்னருக்கு எழும்பி வர்ற சென்டர் பேக், அதுக்குத்தான் மைதானமே எந்திரிச்சு நிக்குது. பயிற்சியில குறைங்க, ஆட்டத்துல விடுங்க. இதுக்கு நான் ஓட்டுப் போடுவேன்.

சரி, அவர் மேனேஜரா என்ன பண்ணினார்? அதை யாரும் எழுதலை.

மஞ்சள்_அட்டை:

1975 ஸ்காட்டிஷ் கோப்பையைத் தூக்கிட்டு அன்னிக்கே ஆட்டத்தை விட்டார். கிளைட்ல தொடங்கி, 1977-ல் அபர்டீன். ஒரே சீசன்தான் இருந்தார், லீக்ல ரெண்டாவது, கோப்பை இறுதி வரைக்கும் போனார். கார்டன் ஸ்ட்ராகனையும் ஸ்டீவ் ஆர்ச்சிபால்டையும் அபர்டீனுக்கு வாங்கினது அவர். அடுத்து அந்த நாற்காலியில உட்கார்ந்தவர் அலெக்ஸ் ஃபெர்குசன். விதைச்சது யாருன்னு அபர்டீன்காரங்களுக்குத் தெரியும்.

1978-ல் ஸ்டெய்னுக்கு அடுத்து செல்டிக் மேனேஜர். முதல் சீசன்லயே, 1979 மே 21, பத்து பேரோட ஆடி ரேஞ்சர்ஸை 4-2 அடிச்சு லீக் ஜெயிச்சாங்க. 1983-ல் சம்பளத் தகராறுல நிர்வாகத்தோட முறிஞ்சு மான்செஸ்டர் சிட்டி போனார், 1985-ல் சிட்டியை முதல் டிவிஷனுக்கு ஏத்தினார். அடுத்தது கொடுமை. 1986-87 சீசன் தொடங்கின கொஞ்ச நாள்லயே சிட்டியை விட்டு ஆஸ்டன் வில்லா போனார், சீசன் முடிவுல ரெண்டு கிளப்பும் கீழே இறங்கிடுச்சு. இந்த மாதிரி வேற யாருக்காவது நடந்திருக்கா?

உடனே செல்டிக் திரும்பக் கூப்பிட்டது. 1988 செல்டிக்கோட நூற்றாண்டு சீசன். லீக், ஸ்காட்டிஷ் கோப்பை ரெண்டும். 1991-ல் வேலையை விட்டு எடுத்தாங்க.

கிளைடுக்கரை:

இன்னுமொண்டு, ஆறுமுகம் தம்பி சிரிப்பார். 2003 ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத் தேர்தலில மூத்த குடிமக்கள் கட்சிக்காக நிண்டவர். வெல்லேல்லை. கோப்பைகளை அள்ளின கப்டனுக்குச் சனம் ஓட்டுப் போடேல்லை.

ஆஃப்சைடு_ஆறுமுகம்:

ரேஞ்சர்ஸ்காரன் ஒருத்தன்கூட ஓட்டுப் போட்டிருக்க மாட்டான், அப்புறம் எப்படி ஜெயிப்பாரு 😄

சின்னப்பந்து:

பயிற்சியில தலையால முட்டுறதை நிறுத்திட்டேன். பெற்றோர் ரெண்டு பேர் வந்து, என் பையன் பெரிய அணிக்குப் போனா எப்படி முட்டுவான்னு கேட்டாங்க. பலூனையும் ஸ்பான்ஜ் பந்தையும் வெச்சு உடம்பு நிலை, எழும்புற நேரம் மட்டும் சொல்லிக்கொடுக்கலாம்னு இருக்கேன். இதுல அனுபவம் உள்ளவங்க எழுதுங்க. குறிப்பா, மாவட்டப் போட்டியில எதிரணி உயரமான பந்தாப் போட்டா என் பின்வரிசை என்ன பண்ணணும்?

மஞ்சள்_அட்டை:

அக்கா, அந்த வயசுல பந்தைத் தரையில விழ விட்டு மார்புல வாங்கச் சொல்லுங்க. பின்வரிசையை ரெண்டு அடி பின்னாடி நிறுத்தினா விழுந்து எகிறுற பந்தைக் காலால எடுக்கலாம். ரெண்டு கோல் வாங்குவீங்க, பரவாயில்லை.

கோட்டைச்சுவர்:

அதுக்குத் தனி இழை போடுங்க, பயிற்சி பகுதியில. இங்க அடுத்தது டேனி மெக்ரெய்ன். மண்டை ஓட்டுல எலும்பு முறிவு, அப்புறம் சர்க்கரை நோய், அப்படியும் உலகத்தரமான ரைட் பேக். மெக்நீலா மெக்ரெய்னா, செல்டிக்கோட சிறந்த டிஃபெண்டர் யாருன்னு நாளைக்கு மோதிக்கலாம். நான் மெக்ரெய்ன் கட்சி, இப்பவே சொல்லிடறேன்.